கொடியில் காய்ந்த டஸ்டர்

மருத்துவமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முன்னால் நின்றால் மேடம், முதுகுக்குப் பின்னால் 'ஏன் டாக்டர்'. வயிற்றைத் திறந்து, பழுது பார்த்து, மூடுகிற சர்ஜன். கை சுத்தம், தையல் சுத்தம், அதெல்லாம் சரிதான். ஆனால் பேர் வாங்கித் தந்தது கை இல்லை, வாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து படுத்தால் போதும், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி ஏன் வலது பக்கம் குடி போனது? படுத்தால் கூடுகிறது, குனிந்து உட்கார்ந்தால் குறைகிறது, ஏன்?

ஒரு தடவை ஒரு லாரி டிரைவர் சுருண்டு படுத்திருந்தார். வருகிற வழியில் வேகத்தடை மேல் வண்டி ஏறி இறங்கினபோது வலித்ததா என்று அவரிடம் கேட்டாள். வைத்தியத்துக்கு வந்த இடத்தில் ரோட்டைப் பற்றி என்ன விசாரணை என்று டிரைவர் முனகினார். பிறகு, ஒவ்வொரு தடைக்கும் உயிர் போய் உயிர் வந்தது என்று ஒப்புக்கொண்டார். வயிற்றின் உள்சவ்வு புண்பட்டிருந்தால் சின்னக் குலுக்கலைக்கூடத் தாங்காது. அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு, மற்ற பரிசோதனை முடிவெல்லாம் வந்து சேருவதற்குள் தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டாள். உள்ளே போய்ப் பார்த்தால் குடல்வால் இன்றைக்கோ நாளைக்கோ வெடிக்கும் என்று வீங்கிக் கிடந்தது.

அப்பேர்ப்பட்டவள் வீட்டில் மட்டும் கேள்வி கேட்க மாட்டாள் என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் அதுதான் உண்மை.

கல்யாணம் ஆன புதிது. மாமனார் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். எதனால் என்று விசாரித்தபோது வயிற்று வலி என்றார்கள். வயிற்று வலி என்று காதில் விழுந்த பிறகு இவளால் சும்மா இருக்க முடியுமா? சாப்பாட்டு மேசையில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, வலி எப்போது ஆரம்பித்தது, வாந்தி எடுத்தாரா, வயிறு கல் மாதிரி இருந்ததா, எவ்வளவு நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீர்கள் என்று வரிசையாக அடுக்கிவிட்டாள். மாமியார் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"இது வீடு. இங்க ரவுண்ட்ஸ் வராதே."

அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. அத்தை தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி வளர்த்தவர் குரலை உயர்த்தாமல் பேசினால், அதற்கு மேல் அங்கே பேச்சு இல்லை என்று அர்த்தம். கேட்ட கேள்வி தப்பில்லை, கேட்ட இடமும் கேட்ட ஆளும்தான் தப்பு என்று அவளுக்குப் பிற்பாடுதான் உறைத்தது. புருஷனைப் பறிகொடுத்தவரிடம், ஏன் தாமதம் பண்ணினாய் என்றல்லவா கேட்டிருக்கிறாள். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தரம் போய், இரண்டு தரமும் டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அன்றைக்கு ஏற்பட்ட ஒப்பந்தம், வீட்டில் 'ஏன்' கிடையாது. ஜன்னல் ஏன் திறந்திருக்கிறது என்றுகூடக் கேட்க மாட்டாள், எழுந்து போய்ச் சாத்திவிடுவாள். பல வருஷமாக மாமியாரும் மருமகளும் ஒரே கூரைக்குக் கீழே ஒரு சின்னச் சண்டைகூட இல்லாமல் காலம் தள்ளினார்கள். பார்த்தவர்கள் மெச்சினார்கள். சண்டை இல்லாத வீடெல்லாம் சந்தோஷமான வீடா என்று மெச்சியவர்கள் யோசித்துப் பார்க்கவில்லை. அவர்களுக்கென்ன, வந்தோமா, டீ குடித்தோமா, போனோமா.

இந்த ஒப்பந்தத்தால்தான் துணிக்கொடியில் தொங்கிய சாமானைப் பற்றியும் அவள் கேட்கவில்லை.

அது கரும்பலகை துடைக்கிற டஸ்டர். கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பளிப் பட்டையை மட்டும் கெட்டியாகச் சுருட்டி, சின்னத் திண்டு மாதிரி தைத்திருந்தது. இரண்டு பக்கமும் நீளமான நாடா, ஒரு நாடாவின் முனையில் கொக்கி. சமையலறைக்குப் பின்னால் பால்கனியில் கட்டிய கொடியில், அத்தையின் பெரிய துண்டுக்குப் பின்னால், வெளியே தெரியாதபடி அது அடிக்கடி காயும். தையல் ரொம்ப நேர்த்தி. தையல் விஷயத்தில் அவளுக்குப் பொறாமை வருவது அபூர்வம், இந்தத் தையலைப் பார்த்து வந்தது.

இது எதற்கு? முழங்காலுக்கு என்றால் நாடா இவ்வளவு நீளம் வேண்டாம். இடுப்பு வலிக்கு என்றால் திண்டு இவ்வளவு சின்னதாக இருக்காது. டீ ஆறுகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கணவனிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். அவனுக்கு வானிலை நிலையத்தில் வேலை. நாளைக்கு எங்கே மழை பெய்யும் என்று ஊருக்கே சொல்லுவான், தன் வீட்டுப் பால்கனியில் என்ன தொங்குகிறது என்று தெரியாது. அம்மா எதையும் தூக்கிப் போட மாட்டார்கள், அதுவும் பள்ளிக்கூடத்துச் சாமான் என்றால் கேட்கவே வேண்டாம் என்றான்.

இன்னும் சிலதும் அவள் கண்ணில் பட்டிருந்தது. அத்தைக்குத் தும்மல் வந்தால் முதலில் உட்கார்ந்துகொள்வார், பிறகுதான் தும்முவார். நாற்காலியிலிருந்து எழும்போது வலது கை தொடையின் மேல்மடிப்புக்குப் போகும். தண்ணீர் வாளியைத் தூக்குவதை விட்டுவிட்டார். இதையெல்லாம் ஒரு நோயாளியிடம் பார்த்திருந்தால் விட்டிருப்பாளா? அத்தை என்பதால், வயசாகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டாள். கேட்டால்தானே வம்பு.

ஒரு நாள் காலையில், மழை இல்லை என்று வானிலை நிலையம் சொல்லியிருந்ததால், நல்ல மழை. அவள் விடிவதற்கு முன்பே ஒரு அவசர ஆபரேஷனுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தபோது நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள், உங்கள் மாமியாரைச் சேர்த்திருக்கிறோம், மாடியில் தனி அறையில் இருக்கிறார்கள் என்று. முந்தின நாள் சாயந்திரத்திலிருந்தே வயிற்றில் வலியாம், வாந்தியாம். யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையில் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து மகன் பதறியடித்துக் கொண்டு வந்திருக்கிறான்.

அந்த மருத்துவமனையில் ஒரு விதி உண்டு. சொந்தக்காரர்களுக்கு எந்த டாக்டரும் வைத்தியம் பார்க்கக் கூடாது. நல்ல விதிதான். பாசம் வந்தால் கண் மங்கும், பகை வந்தாலும் மங்கும். அதனால் அத்தையைப் பார்க்கும் பொறுப்பு இன்னொரு சர்ஜனுக்குப் போயிருந்தது. இவளுக்கு இளையவன், கெட்டிக்காரன், நிதானமானவன். அங்கேதான் வந்தது வினை. அவன் அத்தையிடம் படித்தவன்.

அவனைப் பார்த்ததும் அந்த வலியிலும் அத்தை அடையாளம் கண்டுகொண்டார். "டேய், கடைசி பெஞ்ச் தானே நீ," என்றாராம். அவன் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஆமாம் டீச்சர் என்றானாம். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடியிருக்கிறாள். ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனை முழுக்க அவனுக்குக் கடைசி பெஞ்ச் என்று பேர் நிலைத்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்தது பரிசோதனை இல்லை, டிக்டேஷன். அத்தை சொன்னார், அவன் எழுதினான். முன்பு கருப்பையை எடுத்த ஆபரேஷன் நடந்திருக்கிறது, அந்தப் பழைய தழும்பில் குடல் ஒட்டிக்கொண்டு அடைப்பாகியிருக்கும், நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன் என்று அத்தையே முடிவும் சொல்லிவிட்டார். அவன் தலையாட்டினான். தலையாட்டியதில் பெரிய தப்பும் இல்லை. வயிற்றில் பழைய தழும்பு இருந்து, வாந்தியும் இருந்து, காற்றும் பிரியவில்லை என்றால் எந்த சர்ஜனுக்கும் முதலில் தோன்றுவது அதுதான். எக்ஸ்ரேயில் உப்பிய குடல் படிப்படியாக ஏணி மாதிரி தெரிந்தது. அடைப்புதான், சந்தேகமில்லை. பெரிய ஸ்கேன் இயந்திரமோ ஒரு பாகம் வரவேண்டும் என்று மூடிக் கிடந்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு வயிற்றைக் காலி செய்து, நரம்பில் சலைன் ஏற்றிப் பொறுத்துப் பார்த்தால், ஒட்டல் அடைப்பு பல சமயம் தானாகவே விட்டுவிடும். அப்படியே செய்தான். நல்ல அறை, நல்ல கட்டில், நல்ல நர்ஸ் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தான். டீச்சர் அல்லவா.

அவளிடம் விவரம் சொன்னபோது அவளுக்கும் சரி என்றே பட்டது. ஊரில் எல்லோரிடமும் ஏன் என்று கேட்கிறவள் அவனிடம் ஒரு ஏன் கேட்கவில்லை. அத்தை விஷயத்தில் கேட்காமல் இருந்து இருந்து அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

மதியம் வேலை ஓய்ந்ததும் அத்தையின் அறைக்குப் போனாள். ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. அத்தை மூக்கில் குழாயோடு, போர்வையைக் கழுத்து வரை இழுத்து, இரண்டு பக்கமும் செருகிக்கொண்டு படுத்திருந்தார். வா என்று கண்ணால் சொன்னார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். டாக்டராக இல்லாமல் ஒரு ஆஸ்பத்திரி அறையில் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வேறு வேலை இல்லாததால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்கப் பார்க்க ஏதோ இடித்தது. குடல் அடைப்பு வலி அலை அலையாக வரும். வந்தால் முகம் சுருங்கும், போனால் விரியும். அத்தையின் முகம் சுருங்கியது சுருங்கியபடியே இருந்தது. வலி விட்டு விட்டு வருவதை நிறுத்திவிட்டு ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டால் அது நல்லதுக்கில்லை. கட்டில் தலைமாட்டில் இருந்த கருவியில் நாடித் துடிப்பு, காலையில் எழுதி வைத்திருந்ததைவிட ஏறியிருந்தது. போர்வைக்குள் வலது முழங்கால் மட்டும் மடங்கியே இருந்தது. இடது கால் நேராக நீட்டியிருக்க, வலது கால் ஏன் மடங்கியிருக்கிறது? அவளுக்குள் இருந்த பழைய ஆள் ஸ்டூலை முன்னால் இழுத்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

அப்போதுதான் கணவன் வந்து சேர்ந்தான். வீட்டிலிருந்து அம்மாவுக்கு வேண்டியதெல்லாம் ஒரு பையில் எடுத்து வந்திருந்தான். மழை வருகிறது என்று கொடியில் இருந்ததை எல்லாம் அப்படியே அள்ளிப் போட்டிருக்கிறான். சீப்பு, மூக்குக் கண்ணாடி, பெரிய துண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில் மேல் வைத்தான். துண்டை உதறியதும் உள்ளேயிருந்து டஸ்டர் விழுந்தது.

அத்தையின் கை பாய்ந்து அதை எடுத்துத் தலையணைக்கு அடியில் தள்ளியது. தள்ளின வேகத்தில் வலி பிடுங்கிவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். கை தலையணையிலிருந்து நேராக வலது தொடையின் மேல்மடிப்புக்குப் போயிற்று.

அவள் அந்தக் கை போன இடத்தைப் பார்த்தாள். சுருட்டித் தைத்த திண்டு. நீளமான நாடா. தும்முவதற்கு முன் உட்காருவது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். கணவனைப் பார்த்து, கேன்டீனில் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும்."

அத்தை கண்ணைத் திறக்காமலே வேண்டாம் என்று தலையசைத்தார்.

"வீட்டுல கேக்கல. இது ஆஸ்பத்திரி. அந்தப் பட்டையை எங்க கட்டிக்கறீங்க?"

அத்தையின் கை தலையணைக்கு அடியில் டஸ்டரைத் தேடிப் பிடித்தது. பிறகு, மெதுவாக, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி அத்தை சொல்லத் தொடங்கினார். போன வருஷமே தொடை மடிப்பில் ஒரு கட்டி தெரிந்ததாம். படுத்தால் உள்ளே போய்விடுமாம், நின்றால் வெளியே வருமாம். நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் படம் பார்த்து, டஸ்டரை வைத்து ஒரு பட்டை தைத்துக்கொண்டாராம். கட்டி வெளியே வராமல் அது அழுத்திக்கொண்டிருந்ததாம். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். தலைமையாசிரியைக்கு டஸ்டர். நேற்று சாயந்திரம் வெளியே வந்த கட்டி படுத்தும் உள்ளே போகவில்லை.

"இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவன்கிட்ட எப்படிச் சொல்றது? அவன் மூக்கு ஒழுகறப்போ தொடைச்சு விட்டவ நான்."

"எங்கிட்ட?"

"உங்கிட்ட அதைவிட முடியாது."

சொல்லிவிட்டு அத்தை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தில் அவள் இதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. பயம். அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு, நான் பார்க்கட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

"உரல்ல தலையைக் கொடுத்தாச்சு. பாரு."

நர்ஸைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு போர்வையை விலக்கினாள். தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்புக்குச் சற்றுக் கீழே, சின்ன எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. மேல்தோல் சிவந்து பளபளவென்று இருந்தது. ஒரு விரலால் தொட்டாள். இறுகிப் போயிருந்தது. தொட்ட உடனே அத்தையின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் கை அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அழுத்திப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. குடலிறக்கம். குடலின் ஒரு வளைவு தொடை மடிப்பில் இருந்த சந்துக்குள் நுழைந்து, கழுத்து நெரிபட்டுக் கிடந்தது. பழைய தழும்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பொறுத்துப் பார்க்க இனி நேரமும் இல்லை. இரத்தம் போகாத குடல் அழுகும், அழுகினால் ஓட்டையாகும், ஓட்டையானால் ஆளையே கொண்டுபோகும்.

வராந்தாவில் கடைசி பெஞ்ச் எதிரே வந்தான். மாணவர்களுக்கு அவள் சொல்லித் தருகிற ஒரு பாடம் உண்டு, அவனே பல தடவை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான். வயிறு ஒரு வீடு, அதற்குச் சில பின்கதவுகள் உண்டு, குடல் அடைப்பு என்று வந்தால் எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்காமல் அறையை விட்டு வெளியே வராதே என்பது.

"கதவு பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. எதைக் கேட்கிறாள் என்று அவனுக்கு உடனே புரிந்தது. பாவி, மறந்துபோய் விடவில்லை. வயிற்றைத் தொப்புள் வரை பார்த்திருக்கிறான், அதற்குக் கீழே போர்வையை இறக்க அவன் கைக்குத் தைரியம் வரவில்லை.

"எப்படி மேடம்? அவங்க டீச்சர்."

யாரோ ஒரு காய்கறிக்காரம்மா வந்து படுத்திருந்தால் நாலு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பான். மரியாதை கொடுத்துக் கொடுத்தே ஆளைக் கொல்லப் பார்த்தோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு வருஷம் முழுக்கக் கொடியைப் பார்த்து நின்றவள் தான்தானே என்ற நினைப்பு வந்து வாயை அடைத்தது. தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

விதி விதிதான். அத்தையைத் தள்ளிக்கொண்டு போன கதவு அவள் முகத்துக்கு நேரே மூடியது. கணவன் பக்கத்தில் மர பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்தக் கதவின் அந்தப் பக்கம் எத்தனையோ தடவை நின்றிருக்கிறாள். இந்தப் பக்கத்து பெஞ்ச் இவ்வளவு கடினம் என்று தெரியாது. அம்மா பிழைப்பாங்களா என்று கணவன் கேட்டான். மற்ற சொந்தக்காரர்களிடம் இவள் என்ன சொல்லுவாளோ அதையே சொல்லப் பார்த்தாள், வரவில்லை. தெரியலை என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் எட்டிப் பார்த்து, சார் உங்களை வந்து பார்க்கச் சொல்கிறார் என்றாள். அவள் உடை மாற்றி, முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய், எதையும் தொட்டுவிடாதபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இடுக்கிலிருந்து விடுவித்த குடல் வளைவு பச்சைத் துணியின் மேல் கிடந்தது. கருநீலம். கடைசி பெஞ்ச் அதன் மேல் வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியைப் போட்டு மூடினான். இரத்தம் திரும்புகிறதா என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மயக்க மருந்து டாக்டர் பிராண வாயுவைக் கூட்டி வைத்தார்.

துணியை எடுத்தபோது நிறம் மாறத் தொடங்கியிருந்தது. முதலில் ஓரத்தில், பிறகு நடுவில், கருமை கரைந்து சிவப்பு ஏறியது. தட்டிக் கொடுத்ததுபோல் ஒரு சுருக்கம் மெல்ல நகர்ந்து போனது. எத்தனையோ தரம் பார்த்ததுதான், ஆனாலும் அவள் மூச்சு விடாமல் பார்த்தாள். செத்துப்போனது என்று நினைத்தது எழுந்து நடக்கிறதே, எங்கிருந்து வருகிறது அந்தத் தெம்பு? அத்தையின் குடல் என்பதுகூட ஒரு கணம் மறந்து போய், அந்த ஆச்சரியம் மட்டும் இருந்தது.

ஆனால் இடுக்கில் நெரிபட்ட இடத்தில் ஒரு வளையம் மட்டும் சாம்பல் நிறமாகவே நின்றது. பளபளப்பு இல்லை, அசைவும் இல்லை. கடைசி பெஞ்ச் இன்னொரு தரம் துணியைப் போட்டு எடுத்தான். சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

விட்டுப் பார்க்கலாமா என்று அவன் கேட்டான். வெட்டி இணைத்தால் பெரிய ஆபரேஷன் ஆகிவிடும், வயசானவர்கள், இணைப்பு கசிந்தால் என்ன செய்வது, டீச்சருக்கு இவ்வளவு வேண்டுமா என்று சொல்லிக்கொண்டே போனான். அவன் நெற்றியில் வேர்வை. வெட்டுங்கள் என்று உத்தரவு போட அவளுக்கு உரிமை இல்லை. கேட்க உரிமை உண்டு.

"இவங்க உங்க டீச்சரா இல்லாம இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். யோசிக்கவே இல்லை. "வெட்டிருவேன்."

"அப்புறம் என்ன?"

அவன் கையை நீட்டினான், நர்ஸ் கத்தரியை வைத்தாள். அதற்குப் பிறகு அவன் தயங்கவில்லை. சாம்பல் வளையத்தை இரண்டு பக்கமும் நல்ல குடல் வருகிற வரைக்கும் வெட்டி எடுத்து, முனைகளைச் சேர்த்துத் தைத்து, பின்கதவையும் பூட்டினான். தையல் சுத்தம். அத்தையின் டஸ்டர் தையலுக்குக் கொஞ்சம் கிட்டே வரும்.

மறுநாள் மயக்கமெல்லாம் தெளிந்ததும் அத்தை அவளைத்தான் கேட்டார். அவள் போய் நின்றாள்.

"அந்தப் பட்டையைக் கொடியில பாத்திருக்கியா?"

"ரொம்ப நாளா."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்கதானே ரவுண்ட்ஸ் வராதேன்னு சொன்னீங்க."

"வேற எதுல நான் சொன்னபடி நடந்திருக்கே, இதுல மட்டும் நடக்கறதுக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்கும் வந்தது, தையல் இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று இந்தத் தடவை தயங்காமல் கேட்டாள். சொன்னால் நீ பார்த்துவிடுவாய், பார்த்துவிட்டால் அப்புறம் வீட்டில் உன்னை எப்படி அதட்டுவது என்றார் அத்தை. அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஆபத்து இன்னும் முழுக்கத் தீரவில்லை. குடலை வெட்டி இணைத்தவர்களிடம் தினமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காற்று பிரிந்ததா என்று. காற்று பிரிந்தால் குடல் விழித்துக்கொண்டது, இணைப்பு பிடித்துக்கொண்டது என்று நம்பலாம். பிரியாவிட்டால் கவலை. கடைசி பெஞ்சுக்கு அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. காலையில் மாணவர் கூட்டத்தோடு வந்து கட்டில் காலடியில் நின்று, எப்படி இருக்கீங்க டீச்சர் என்பான். நன்றாக இருக்கிறேன் என்பார். அவன் கூரையைப் பார்ப்பான், மழை விட்டுவிட்டது என்பான். பின்னால் நிற்கும் அவள்தான் அவர்கள் போனபிறகு குனிந்து கேட்பாள். அத்தை உதட்டைப் பிதுக்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். வயிறு லேசாக உப்பத் தொடங்கியது. கடைசி பெஞ்ச் இரண்டு வேளை சாப்பிடவில்லை என்று நர்ஸ் சொன்னாள். அவளும் சாப்பிட்டதாக நினைவில்லை.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் காலை. கூட்டம் அறைக்குள் நுழைந்தது. யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால், அத்தை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி சொன்னார்.

"ஆச்சு."

எது டீச்சர் என்று கடைசி பெஞ்ச் கேட்டான்.

மதிப்பெண் வாசிக்கிற குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கிறபடி, "காத்து. ரெண்டு தரம். எழுதிக்கோ," என்றார் அத்தை.

அவன் எழுதினான். எழுதும்போது அவன் கண் கலங்கியிருந்ததை மாணவர்கள் பார்த்தார்கள். அவளுக்கு வெளியே ஓடிப்போய்க் கணவனிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. கூட்டம் அடுத்த அறைக்குப் போக, அவளும் கூடவே கிளம்பினாள்.

"நீ இரு," என்றார் அத்தை.

அவள் நின்றாள். அத்தை போர்வையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். நேற்றுவரை இறுகச் செருகியிருந்த போர்வை இன்று ஒரு பக்கமாக நழுவிக் கிடந்தது. அவர் அதைச் சரிசெய்யவில்லை.

"அன்னைக்கு மேசையில கேட்டியே, அவருக்கு எப்ப வலி ஆரம்பிச்சதுன்னு."

அதெல்லாம் இப்போது வேண்டாம் அத்தை என்று சொல்ல வந்தாள்.

"காலைல. டீ குடிக்கும்போது," என்றார் அத்தை. "அன்னைக்கு ஸ்கூல்ல பரீட்சை. நான் வெந்நீர் வெச்சுக் கொடுத்துட்டுப் போயிட்டேன்."

அவள் எதுவும் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.